சீட்டில் எழுதிய தேதி

தாராவியில் எங்களைப் போன்ற திருநெல்வேலிக் குடும்பங்களில், பிரசவமான பெண்ணையும் குழந்தையையும் சில மாதங்கள் ஊருக்கு அனுப்பிவைப்பது வழக்கம். என் தங்கைக்கும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த மறுபரிசோதனைத் தேதியோ பயணத்துக்குப் பத்து நாள் பிந்தியது. "பிள்ளை நல்லா பால் குடிக்கான், எடை போடுதான். இதுக்கு மேல என்ன பாக்கணும்?" என்றார் அம்மா.

பிறந்ததும் அவன் அழவில்லை. முகமூடி வைத்து மூச்சு கொடுத்த பிறகே குரல் வந்தது. மறுநாள் வலிப்பு. அப்கார் மதிப்பெண் குறைவு. அமெரிக்க டாக்டர் வர்ஜீனியா அப்கார் 1953இல் வெளியிட்ட இந்த மதிப்பெண் பிறந்த நேரத்து நிலையைச் சொல்லும். குழந்தை பின்னாளில் எப்படி நடக்கும், பேசும் என்று சொல்லாது. அதை அறியத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

டிக்கெட்டை ரத்து செய்து, செம்பூரில் என் வீட்டிலேயே இருவரையும் தங்கவைத்தேன். மூன்றரை மாதத்தில் நடந்த பரிசோதனையில் ஊசி இல்லை, மருந்து இல்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, அவன் தானாகக் கைகால் அசைப்பதைச் சில நிமிடங்கள் டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பாரீஸ் டாக்டர் கிளாடின் அமியெல்-டிசோன் வகுத்த முறைப்படி முழங்கால் எவ்வளவு நீள்கிறது, கையை மார்புக்குக் குறுக்கே இழுத்தால் முழங்கை எதுவரை வருகிறது என்று பார்த்தார். தலையின் சுற்றளவை அளந்தார். வலது கை மட்டும் கட்டைவிரலை உள்ளே மடக்கி இறுகியே இருந்தது. எப்படித் தூக்குவது, எந்தக் கையில் கிலுகிலுப்பை கொடுப்பது என்று அன்றே பயிற்சி தொடங்கியது. இன்று பள்ளிக்குப் போகிறான். சட்டைப் பொத்தானை இடது கையால் போடுகிறான்.

மூளை முடக்குவாதத்தை ஒன்று, இரண்டு வயதில் கண்டறிவதே முன்பு வழக்கம். ஆறு மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் கண்டறியலாம் என்று 2017இல் சர்வதேச நிபுணர் குழு சொன்னது. மேலைநாடுகளில் இத்தகைய குழந்தைகளின் உடலைப் பிறந்த சில மணி நேரத்தில் குளிரவைக்கிறார்கள். இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் அது பலன் தரவில்லை. குளிரவைத்த குழந்தைகளில் இறப்பு அதிகமானது என்று 2021இல் தெரிந்தது. தாராவிக்குப் பக்கத்திலுள்ள சயான் ஆஸ்பத்திரியும் அதில் பங்கேற்றது. ஆகவே நம் குழந்தைகளுக்குத் தொடர் பரிசோதனை இன்னும் முக்கியம்.

ஊருக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறந்ததும் அழாத குழந்தையென்றால் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். குறித்த தேதியில் அங்குள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காட்டுங்கள்.