பிளக்கைக் கழட்டினாலும் கரண்ட் இருக்கும்



போன மாசம் அன்னதானக் கூடத்துல நிறைய பேர் எங்களைக் கேட்ட கேள்வி ஒண்ணுதான். "கோயில் மைக், ஸ்பீக்கர் பார்க்கிற நீங்க மூணு பேரும் வீட்டுல பழைய காலத்து கித்தார் ஆம்ப் செய்றீங்களாமே?" ஆமாங்க, செஞ்சு முடிச்சுட்டோம். விவரமா எழுதச் சொன்னீங்க, எழுதுறோம். கடைசிப் பகுதி எல்லா வீட்டுக்கும் வேண்டியது. அதை மட்டும் விட்டுடாதீங்க.

நம்ம தொண்டர் அக்கா ஒருத்தரோட மகன் படிவம் ஐந்து படிக்கிறான். நல்லா கித்தார் வாசிப்பான். வால்வு ஆம்ப்போட சத்தம்தான் வேணும், அதை நாமே செய்யலாமான்னு எங்ககிட்ட வந்து கேட்டான். அக்கா ஒத்துக்கவே இல்லை. அவங்க அப்பா ஒயர்மேன். வேலை இடத்துல ஷாக் அடிச்சு இறந்தவர். அப்போ அக்காவுக்கு வயசு 12. "கரண்ட் வேலை என் பிள்ளைக்கு வேண்டாம் தம்பி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நாங்கள் வற்புறுத்தவில்லை. "நீங்களும் கூட உட்காருங்க அக்கா. நீங்க எந்த இடத்துல நிறுத்தச் சொல்றீங்களோ அந்த இடத்துலயே நிறுத்திடுறோம்" என்றோம். அந்த ஒரு பேச்சுக்குத்தான் அவர் இறங்கி வந்தார்.

நாங்க எடுத்துக்கிட்டது ஃபெண்டர் சாம்ப், 5எஃப்1 சர்க்கியூட். 1950களில் அமெரிக்காவில் பழகுபவர்களுக்காக வந்த சின்ன ஆம்ப். மூணே வால்வு, ஒரு 8 அங்குல ஸ்பீக்கர், சத்தத்துக்கு ஒரே ஒரு திருகு, சுமார் 5 வாட். இதை உருவாக்கிய லியோ ஃபெண்டர் 1938-இல் கலிபோர்னியாவின் புல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. எங்க மூணு பேருக்கும் தெரியாது, அதனால அதுவே ஒரு தைரியம்!

ரெசிஸ்டர், ஒயர், ஸ்விட்ச் எல்லாம் கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் வாங்கினோம். வால்வும் டிரான்ஸ்பார்மரும் இணையத்தில் தருவித்தோம். மொத்தச் செலவு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டிடுச்சு. மலிவுன்னு நினைச்சு யாரும் இறங்காதீங்க.

வேலை செய்ற விதம் எளிமைதான். 12ஏஎக்ஸ்7 வால்வு கித்தாரிலிருந்து வரும் சின்ன சிக்னலைப் பெருக்குது. 6வி6 வால்வு அதுக்கு ஸ்பீக்கரை அசைக்கும் பலத்தைக் கொடுக்குது. 5ஒய்3 வால்வு ஏசி கரண்டை டிசி ஆக்குது. மெதுவா மீட்டினா சத்தம் தெளிவா இருக்கும். அழுத்தி மீட்டினா வால்வு தன் எல்லையைத் தொட்டு, சத்தம் தடிச்சுக் கரகரக்கும். பையன் தேடினது அந்தக் கரகரப்பைத்தான்.

ஆனா உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல ஓடுது. அக்கா ஒவ்வொரு இணைப்பிலும் "இது எதுக்கு? இது கழண்டா என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பழைய சாம்ப்புக்கு இரண்டு பின் பிளக்தான், எர்த் கிடையாது. நாங்க மூணு பின் பிளக் போட்டு, எர்த் ஒயரைத் தகரப் பெட்டியோடு போல்ட் போட்டு இறுக்கினோம். அக்கா அந்த போல்ட்டைத் தன் கையாலேயே ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கிட்டாங்க.

முதல் தடவை ஆன் பண்ணும்போது நேரா சுவர்ல சொருகலை. நடுவுல ஒரு 60 வாட் பழைய மஞ்சள் பல்பை வரிசையில் இணைத்தோம். எல்இடி பல்பு இதுக்கு ஆகாது. எங்காவது ஷார்ட் இருந்தா பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆம்ப் தப்பிக்கும். பல்பு கொஞ்சம் எரிஞ்சு மங்குச்சு. வால்வு மூணும் மெல்ல சிவந்துச்சு.

பிறகு ஆஃப் செய்து பிளக்கைக் கழட்டினோம். "இப்ப தொடலாமா?" என்று அக்கா கேட்டார். மீட்டரைக் காட்டினோம். பிளக் கையில் இருக்கு, மீட்டரில் இன்னும் நூறு வோல்ட்டுக்கு மேல்! கெப்பாசிட்டர் கரண்டைப் பிடிச்சு வச்சிருக்கும். வால்வு சூடா இருந்தா சீக்கிரம் இறங்கும். வால்வு கெட்டிருந்தா இறங்காமலே நிற்கலாம். அதனால 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை கிளிப் ஒயரில் மாட்டி, கெப்பாசிட்டரைக் காலி பண்ணி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைக்கணும்.

அன்னிலேருந்து மீட்டர் அக்கா கையில். அவங்க "பூஜ்யம்" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை யாரும் உள்ளே விரல் வைக்கக்கூடாது, மகன் உட்பட. ஒருநாள் மீட்டரைப் பார்த்தபடியே, "அப்பா பக்கத்துல இப்படி ஒருத்தர் நின்னிருந்தா..." என்றார். மேலே பேசவில்லை. நாங்களும் ஒண்ணும் சொல்லல.

பயப்படுறவங்களை ஓரமா உட்கார வைக்கிறது நம்ம வழக்கம். அந்த ஆம்ப் இன்னிக்கு யாருக்கும் ஆபத்து இல்லாம ஓடுதுன்னா, அதுக்குப் பாதிக் காரணம் அவங்க பயந்து பயந்து கேட்ட கேள்விங்கதான்.

இப்போ உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தா காலத்து வால்வு ரேடியோவோ ஆம்ப்போ ஸ்டோர் ரூம்ல இருந்தா, ஆசைக்குக்கூட பிளக்கில் சொருகிப் பார்க்காதீங்க. உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், ஒயர் ரப்பர் உதிர்ந்திருக்கும். சில பழைய செட்டுகளில் டிரான்ஸ்பார்மரே இருக்காது, தகரத்திலேயே வீட்டுக் கரண்ட் ஓடும். தூக்கியும் போட்டுடாதீங்க, நிறைய செட்டைச் சரி பண்ணிடலாம். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் நாங்க மைக் அறையிலதான் இருப்போம், வந்து சொல்லுங்க. வீட்டுக்கே வந்து பார்க்கிறோம். மீட்டரோட அக்காவும் வருவாங்க.