இருக்கிறது, ஆனால் இம்போர்ட் ஆகவில்லை

"பிப் லிஸ்ட் போட்டா ஓப்பன்சிவி இருக்குன்னுதான் காட்டுது சார். ஆனா இம்போர்ட் சிவி2-ன்னு அடிச்சா எர்ரர் வருது." அந்த ரோபோ ஆய்வக மாணவி என்னிடம் இதைச் சொல்வதற்கு முன்பே ஓப்பன்சிவி லைப்ரரியை (இம்போர்ட் செய்யும்போது அதன் பெயர் சிவி2) அழித்துத் திரும்ப நிறுவிப் பார்த்திருந்தார். புதிதாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி அதிலும் முயன்றிருந்தார். கணினியில் உபுண்டு 16.04. ரோபோவை இயக்க ராஸ் கைனெட்டிக். கேமரா படங்களை அலசும் அவருடைய புரோகிராமுக்கு பைத்தான் 3.5.

எர்ரர் வந்ததும் திரும்ப நிறுவுவதுதான் பெரும்பாலானோரின் முதல் வேலை. எனக்கு அதில் உடன்பாடில்லை. எர்ரர் செய்தி ஒரு வாக்குமூலம். அதை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுத்தான் கீபோர்டில் கை வைக்க வேண்டும். இந்தச் செய்தியில் இரண்டு தகவல்கள் இருந்தன. முதலாவது ஒரு கோப்பின் முழு இருப்பிடம்: ஆப்ட், அதற்குள் ராஸ், கைனெட்டிக், லிப், பைத்தான்2.7, டிஸ்ட்-பேக்கேஜஸ், கடைசியில் சிவி2.எஸ்ஓ. இரண்டாவது, 'அன்டிஃபைன்ட் சிம்பல்: பைசிஆப்ஜெக்ட்_டைப்'.

ஓடிக்கொண்டிருந்தது பைத்தான் 3.5. அது எடுத்து வந்திருந்ததோ 2.7-க்காகக் கட்டப்பட்ட லைப்ரரி. பைசிஆப்ஜெக்ட் என்பது, சி மொழியில் எழுதிய ஒரு துணைநிரல் இன்னொன்றுக்குத் தன் பாயின்டரைக் கொடுப்பதற்குப் பழைய பைத்தானில் இருந்த ஏற்பாடு. 2011-ல் வந்த பைத்தான் 3.2 அதை நீக்கிவிட்டது; பைகேப்ஸ்யூல் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. 3.5-க்குள் எவ்வளவு தேடினாலும் அந்தப் பெயர் கிடைக்காது. மாணவி நிறுவிய ஓப்பன்சிவியில் குறையே இல்லை. அதைப் பைத்தான் தொடவே இல்லை.

பைத்தான் ஏன் ராஸின் ஃபோல்டருக்குப் போனது? சிஸ்.பாத் என்ற பட்டியலை அச்சிட்டுப் பார்த்தால் பதில் கண்ணெதிரே வந்துவிடும். இம்போர்ட் என்றதும் பைத்தான் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகத் துழாவுகிறது. முதலில் புரோகிராம் இருக்கும் ஃபோல்டர். அடுத்து பைத்தான்பாத் என்ற சூழல் மாறியில் சொன்ன இடங்கள்; ராஸின் ஃபோல்டர் இருந்தது இங்கேதான். அதன்பின் பைத்தானோடு வரும் லைப்ரரிகள். பிப் நிறுவியவை இருக்கும் சைட்-பேக்கேஜஸ் கடைசியில். கேட்ட பெயர் எங்கே முதலில் கிடைக்கிறதோ அங்கேயே தேடல் நின்றுவிடும். விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஏன் காப்பாற்றவில்லை என்பதற்கும் இதுதான் விடை. அதன் ஆக்டிவேட் நிரல் பைத்தான்ஹோம் என்ற மாறியை நீக்கும், பைத்தான்பாத்தைத் தொடாது.

இன்னொரு சந்தேகம் என்னை விடவில்லை. 2.7-க்கான கோப்பு என்று பார்த்ததுமே பைத்தான் 3 ஒதுக்கியிருக்கலாமே? அதற்கான வழியை பைத்தானை உருவாக்குபவர்களில் ஒருவரான பேரி வார்சா 2010-ல் முன்வைத்திருந்தார். பெப் 3149 என்ற அந்த முன்மொழிவின்படி, தொகுக்கப்பட்ட கோப்பின் பெயரிலேயே சிபைத்தான்-35எம் என்பது போல எந்தப் பதிப்புக்கானது என்ற அடையாளம் இருக்கும். 3.2 முதல் அது நடைமுறைக்கும் வந்தது. ஆனால் அடையாளம் ஏதும் இல்லாமல் வெறும் .எஸ்ஓ என்று முடியும் கோப்பையும் பைத்தான் இன்றுவரை ஏற்கிறது. ராஸ் வைத்திருந்தது வெறும் சிவி2.எஸ்ஓ. அந்தக் கதவு வழியாகத்தான் அது உள்ளே வந்தது.

அடுத்து, பைத்தான்பாத்தில் அந்த இடத்தை எழுதியது யார்? மாணவி தான் எழுதவில்லை என்றார். உண்மைதான், டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஷெல் படிக்கும் அவருடைய பேஷ்ஆர்சி கோப்பில் பைத்தான்பாத் என்று தேடினால் ஒன்றுமே சிக்கவில்லை. பேஷ் ஷெல்லை -எக்ஸ் என்ற தெரிவோடு திறந்தோம். அப்படித் திறந்தால் ஷெல் தான் இயக்கும் ஒவ்வொரு கட்டளையையும் அச்சிடும். திரையில் ஓடிய நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே தடம் தெரிந்தது. பேஷ்ஆர்சியின் கடைசி வரி: சோர்ஸ், பிறகு ராஸின் செட்டப்.பேஷ். ராஸை நிறுவும் வழிகாட்டியே சேர்க்கச் சொன்ன வரி அது. செட்டப்.பேஷ் செட்டப்.எஸ்ஹெச்சை அழைக்கிறது, அது _செட்டப்_யுடில்.பை என்ற பைத்தான் நிரலை ஓட்டுகிறது. அந்த நிரலைத் திறந்தால் உள்ளே ஒரு சிறிய அட்டவணை. பாத், எல்டி_லைப்ரரி_பாத் முதலிய மாறிகள் வரிசையாக நிற்க, பைத்தான்பாத்துக்கு எதிரே லிப், பைத்தான்2.7, டிஸ்ட்-பேக்கேஜஸ். ஊற்றுக்கண் அங்கேதான் இருந்தது.

ராஸை எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே கணினியில் பல ராஸ் பதிப்புகள் அருகருகே இருக்க வேண்டும். நிறுவிய தொகுப்பின் மேல் நம் சொந்த ஒர்க்ஸ்பேஸை அடுக்க முடிய வேண்டும். அதனால்தான் எல்லாம் ஆப்ட் ஃபோல்டருக்குள் தனியாக இருக்கிறது. பைத்தான் தானாக அங்கே போய்ப் பார்க்காது என்பதால் சூழல் மாறியில் சொல்லி வைக்கிறார்கள். 2016-ல் ராஸின் பைத்தான் 2.7 தான்.

வேர் இன்னும் கீழே போகிறது. 1979-ல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில்தான் சூழல் மாறிகள் வந்தன. ஒரு புரோசஸ் இன்னொன்றைத் தொடங்கும்போது, தன்னிடமுள்ள பெயர்-மதிப்புச் சரங்களின் நகலையும் கூடவே கொடுக்கிறது. பிள்ளை தன் நகலில் எதை மாற்றினாலும் பெற்றோரின் நகல் மாறாது. செட்டப்.பேஷைச் சாதாரணமாக ஓட்டாமல் சோர்ஸ் என்று சொல்லி ஓட்ட வேண்டியிருப்பது இதனால்தான். அப்போதுதான் மாற்றம் நம் ஷெல்லுக்குள்ளேயே நடக்கும். கைமாறுவது பெயரும் மதிப்பும் மட்டுமே. யார் எழுதியது, எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்ற தகவல் உடன் வருவதில்லை. மூலப்பத்திரம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் நிலத்தைப் போல. வில்லங்கம் எங்கோ வெகு தொலைவில், எதுவும் அறியாத ஒருவர் வாசலில் வெளிப்படும். மாணவியின் எடிட்டரை டெஸ்க்டாப் ஐகானிலிருந்து திறந்தால் அதே புரோகிராம் ஒழுங்காக ஓடியதும், டெர்மினலில் தடுமாறியதும் இதனால்தான். ஐகான் வழியாகத் திறப்பது பேஷ்ஆர்சியைப் படிப்பதில்லை.

சிவி2-ஐ இம்போர்ட் செய்யும் முன் சிஸ்.பாத்திலிருந்து ராஸின் இடத்தை நீக்கும் ஒரு வரியைப் புரோகிராமிலேயே சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கணினியின் சிக்கல், அந்தப் புரோகிராம் போகும் எல்லா இடங்களுக்கும் கூடவே போகும். நாங்கள் பேஷ்ஆர்சியின் அந்தக் கடைசி வரியை எடுத்து ஒரு சிறிய ஷெல் ஃபங்ஷனுக்குள் வைத்தோம். ரோபோவை இயக்கும் டெர்மினலில் மட்டும் அதை அழைத்தால் போதும். மற்ற டெர்மினல்களில் பைத்தான்பாத் காலியாக இருக்கும்.

2020-ல் வந்த ராஸ் நோயட்டிக் பைத்தான் 3-க்கு மாறிவிட்டது. ராஸ் 2-ம் பைத்தான் 3 தான், ஆனால் பைத்தான்பாத்தில் எழுதும் வழக்கம் தொடர்கிறது. 2022-ன் ஹம்பிள் பதிப்பு பைத்தான் 3.10-க்குக் கட்டப்பட்டது. 3.11-ல் ஒரு என்விரான்மென்ட் வைத்துக்கொண்டு, ராஸ் 2-ன் பைத்தான் லைப்ரரியான ஆர்சிஎல்பையை இம்போர்ட் செய்து பாருங்கள். பைத்தான் அதே போல ஆப்ட் ஃபோல்டருக்குத்தான் போகும். ஆனால் அங்கே கோப்பின் பெயரில் 310 என்ற அடையாளம் இருப்பதால் தவறான லைப்ரரி ஏறாது. 311 என்ற அடையாளத்தோடு தேடிய கோப்பு இல்லை என்று, அதன் முழுப் பெயரையும் சொல்லி, எர்ரரோடு நின்றுவிடும்.