ரோமியோ ஜூலியட்: பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

ஸெஃபிரெல்லி 1968-ல் எடுத்த ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ படத்தை, வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டுமுன் நீங்கள் ஒரு தரம் தனியாகப் பார்த்துவிடுங்கள். படுக்கையறைக் காட்சியில் சில விநாடி நிர்வாணம் உண்டு. அதைத் தள்ளிவிட்டால் கதை ஒன்றும் கெடாது. கத்திச் சண்டை பரவாயில்லை.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது கடைசிக் கட்டம்தான். ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்குப் பதினாலு வயசுகூட நிரம்பவில்லை. சந்தித்த ஐந்தே நாளுக்குள் இரண்டு பேரும் உயிரை விட்டுவிடுகிறார்கள், அதுவும் அத்தனை உருக்கமான சங்கீதத்தோடு! செத்தால்தான் உண்மைக் காதல் என்று சின்ன மனசு நினைத்துக்கொண்டால்?

அதற்காக நான் வேண்டாமென்று சொல்லவில்லை. பத்தாவது படிக்கும் என் பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முடிந்ததும், “அந்தப் பொண்ணு யார்கிட்டயாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், இல்லையா?” என்றேன்.

“அம்மாகிட்டதானே முதல்ல அழுதா? அவதான் பேசவே மாட்டேன்னுட்டாளேம்மா!” என்றாள்.