பம்ப் துவக்கும் பெரியப்பாவின் இடியனும்

ஒக்ரோபர் பிறந்தால் எங்கள் குசினிக்குள் முயலும் காட்டுத்தாராவும் வரத் தொடங்கிவிடும். உரித்துத் துண்டுபோடுவது அண்ணனும் தம்பியுமாக நாங்கள் இருவர். இறைச்சிக்குள் கிடக்கும் சன்னங்களை விரலால் தடவித் தடவி எடுத்துக் கிண்ணத்துக்குள் போடுவோம். ஒன்று தப்பினாலும் சாப்பிட வந்தவரின் பல்லுப் போகும், பிறகு எங்கள் வேலை போகும்.

இறைச்சி கொண்டுவரும் கிழவர் வேட்டைக்காரர். ஒருநாள் பேச்சுவாக்கில், மலிவான பம்ப் துவக்கு எப்படி என்று கேட்டோம். முகம் சுருங்கிவிட்டது. "அது துவக்கில்லை, கொள்ளைக்காரரின் சாமான்" என்றார்.

கெட்ட பெயருக்குக் காரணம் இல்லாமலில்லை. 2002 ஏப்ரல் 26 இல் ஏர்ஃபூர்ட் பாடசாலையொன்றில் 16 பேரைக் கொன்ற பழைய மாணவன் ஒரு பம்ப் துவக்கையும் கொண்டுபோயிருந்தான். கொலைகள் நடந்ததோ கைத்துப்பாக்கியால். ஆனாலும் 2003 இல் வந்த ஆயுதச் சட்டம், தோள்கட்டைக்குப் பதிலாகக் கைப்பிடி வைத்த பம்ப் துவக்கைத் தடைசெய்தது. கைத்துப்பாக்கி தப்பிக்கொண்டது.

மற்றக் குற்றச்சாட்டு மலிவு. 1950 இல் வந்த ரெமிங்டன் 870 இன் மலிவுப் பதிப்பு, எக்ஸ்பிரஸ், 1987 இல் வந்தது. கறள் பிடிக்கும், வெறுந்தோட்டா இறுகும் என்பார்கள். எண்ணெய் காட்டாதவனிடம் எது கறள் பிடிக்காது? முன்கட்டையை அரைகுறையாக இழுத்தாலும் தோட்டா சிக்கும். முழுதாக இழுத்து முழுதாகத் தள்ளவேண்டும். ஆளின் கைதான் அதற்கு இயந்திரம்.

2023 பெப்ரவரி 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீற்றருக்குள்ளும் ஈயச் சன்னம் சுடக்கூடாது. றைன் கரையில் தாரா சுடக் கிழவருக்கு இரும்புச் சன்னம் வேண்டும். தகப்பன் காலத்து இரட்டைக்குழலில் லில்லிப்பூ முத்திரை இல்லை. பலமான இரும்புத் தோட்டாவுக்குச் சோதித்ததன் அடையாளம் அந்தப் பூ. இன்றைய பம்ப் துவக்குகள் பல இரும்புக்கென்றே செய்யப்பட்டவை. இதைச் சொன்னபோது கிழவர் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். (எங்களுக்கும் ஒரு இலாபம், தாராவுக்குள் இப்போது காந்தத்தால் தேடலாம்.)

எங்களுக்குத் துவக்கென்றால் இடியன். ஒட்டுசுட்டானில் பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. குழல் வாயால் மருந்தும் தும்பும் ஈயமும் போட்டு இடிப்பது. ஒரு வெடி, பிறகு எல்லாம் முதலிலிருந்து. ஊருக்குள் அதற்கும் நல்ல பெயரில்லை. ஆனால் இருப்பது ஒரு வெடி என்பதால், மரையின் தோள் தெரியுமட்டும் பெரியப்பா மூச்சுக்காட்டாமல் இருப்பார்.

அதே இடியனைக் காட்டுப்பாதையில் மரத்தோடு கட்டிக் குறுக்கே கம்பி இழுத்துவிட்டால் கட்டுத்துவக்கு. பன்றிக்கும் மனிசனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. வெடிக்கும்போது கட்டினவன் வீட்டில் நித்திரையாய் இருப்பான். 2004 இல் கடைசித்தம்பி விறகுக்குப் போய் அதில் கால் பட்டான். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். யார் கட்டியதென்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கிழமையே பெரியப்பா தன் இடியனைக் கிணற்றுக்குள் போட்டார். நாங்கள் கேட்கவில்லை. அவர் இறந்தபோதும் கேட்கவில்லை.

கிழவரோடு பட்ட வாக்குவாதத்தைத் தம்பிக்குப் போனில் சொன்னோம். சிரித்தான். பிறகு, "அந்தப் பம்ப் துவக்கு என்ன விலையாம் அண்ணை?" என்று கேட்டான். வயலுக்குள் பன்றி இறங்குதாம்.