கப்பல் போன பிறகும் நின்ற தெரு

தரங்கம்பாடியில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால், வெள்ளையடித்த உயரமான நகர வாசல் எதிரே நிற்கும். டென்மார்க் அரசு முத்திரையைத் தாங்கிய இந்த வாசல் 1792-இல் கட்டப்பட்டது. உள்ளே கிங் தெரு நேராகக் கடற்கரைக்குப் போகிறது.

இந்த ஊரின் கதை 1620-இல் திரும்பியது. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரும் டென்மார்க்கின் கப்பற்குழுத் தலைவர் ஓவே கெட்டேயும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாயக்கர் பொன்னோலையில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கடலோரத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. மிளகு வாங்க வந்தவர்கள் ஊரையே கட்டினார்கள்.

தெருவின் நடுவே புதிய எருசலேம் ஆலயம். 1718-இல் எழுப்பிய சிலுவை வடிவக் கட்டடம். முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக்கின் முத்திரை. 1706-இல் இங்கே வந்திறங்கிய கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு, பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு இவ்வூர் அச்சகத்திலேயே அச்சேறியது. 1719-இல் மறைந்த அவருடைய கல்லறையும் இதே ஆலயத்துக்குள்தான்.

இவ்வளவும் எப்படித் தப்பியது? வணிகம் கைவிட்டதால்தான். 1845-இல் டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். சில காலம் மாவட்டத் தலைமையிடமாக இருந்த பெருமையும் 1860-இல் போனது. மறு ஆண்டு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அங்கே போய்விட்டது. பணம் புரண்டிருந்தால் பழைய மாளிகைகளை இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பார்கள். இங்கே அதற்கு ஆளில்லை.

கடல் மட்டும் விட்டுவைக்கவில்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலின் பெரும்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகள் முந்தையது அது. 2004 சுனாமியும் இந்தக் கரையைத்தான் தாக்கியது. அதன்பின் கோட்டையோடு, திண்ணையும் மரத்தூணும் உள்ள சில தமிழ் வீடுகளையும் சுண்ணாம்புக் காரை கொண்டே சீரமைத்தார்கள். சிமெண்ட் பூசி மூடாமல் விட்டது மிகச் சரியான முடிவு.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கோட்டை அருங்காட்சியகத்தோடு திரும்பிவிட வேண்டாம். கொஞ்ச தூரம் நடந்து, கடலோரம் எஞ்சி நிற்கும் அந்தக் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள்.