மாடத்துக் கரி

விளக்குமாடத்தின் மேல்விளிம்பில் கரி படிவது ஏன் என்று கேட்டால், புகை மேலே எழுகிறது, சுவரில் ஒட்டிக்கொள்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அது பாதி விடைதான். சுவரை உரசியபடியே புகை போய்விடலாமே. ஒட்டியாக வேண்டும் என்று என்ன கட்டாயம்?

தூசி மிதக்கும் ஒளிக்கற்றையின் கீழே சூடான பொருளொன்றை வைத்தால் அதற்கு மேலே ஓர் இருள் எழுவதை 1870இல் ஜான் டிண்டால் எடுத்துரைத்தார். தூசி எரிந்துபோயிற்று என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால், எரிக்கப் போதாத சூட்டிலும் அந்த இருள் வந்தது. சூடு துகளை விலக்குகிறது என்பதை 1884இல் ஜான் எய்ட்கன் விளக்கினார். சூடான பக்கத்துக் காற்று மூலக்கூறுகள் வலுவாக மோதுகின்றன. குளிர்ந்த பக்கத்தவை அவ்வளவு வலுவாக மோதுவதில்லை. அந்த வேற்றுமையே துகளைக் குளிர்ச்சியை நோக்கித் தள்ளிச் செல்கிறது. வெப்பப்பெயர்வு என்று சொல்லிப்பார்க்கிறோம், இயற்பியலார் பொறுத்தருள்க.

திரவத்தில் கதை இவ்வளவு நேரானதன்று. 1856இல் கார்ல் லுத்விக்கும் 1879இல் சார்ல் சோரேயும் உப்புக்கரைசல்களில் இதைக் கண்டனர். சில கரைசல்களில் துகள் சூட்டை நாடியே செல்லும்.

எங்கள் அம்மாவுக்கு இது கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. கண்மை கூட்டும் நாளில், கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து உலர்த்திய வெள்ளைத்துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் ஏற்றி, மேலே செப்புத்தட்டைக் கவிழ்ப்பார். தட்டின் முதுகில் ஈரத்துணி. 'தட்டு சுட்டா மை ஏறாது' என்பார். அந்தத் துணியை நாங்கள் மூவரும் முறைவைத்து நனைத்துக் கொடுத்திருக்கிறோம்.

அம்மா போனபின் வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. வெள்ளையடிக்க வந்தவர் முதலில் சுரண்ட வேண்டும் என்றது மாடத்தைத்தான். தம்பி சரியென்றான். அக்கா கூடாதென்றாள். நாற்பதாண்டு மாலைகள் அங்கே துகள் துகளாக வந்து சேர்ந்திருந்தன. வாங்குகிறவருக்கோ அது அழுக்கு. அவர்மேல் குற்றமில்லை. இரண்டு நாள் ஒருவரோடொருவர் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் சுரண்டச் சம்மதித்தோம். அக்கா கீழே தாளொன்றை விரித்துப் பிடித்தாள். விழுந்ததை அம்மாவின் மைச்சிமிழில் எடுத்து வைத்தோம். சுண்ணாம்பு கலந்த கரி, கண்ணுக்கு ஆகாது. சிமிழ் தம்பியிடம் இருக்கிறது. அவன்தான் கேட்டு வாங்கிக்கொண்டான்.