வரைகிறவரும் கட்டுகிறவரும்



உங்களில் பலர் இணையதளம் உருவாக்கும் வேலையில் இருக்கிறீர்கள். பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று டிசைனர் வரைகிறார். டெவலப்பர் கோடிங் எழுதி அதை இயங்க வைக்கிறார். இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போன மாதம் நேரில் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு உதவித்தொகை விண்ணப்பம். அன்றுதான் கடைசி நாள். செல்போனில் தமிழிலேயே நிரப்பினோம். முடிவில் பொத்தானில் 'சமர்ப்' என்று மட்டும் தெரிந்தது. அழுத்தினால் ஒரு அசைவும் இல்லை. "சார், போயிடுச்சா?" என்று அந்தப் பிள்ளை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மறுபடி மறுபடி அழுத்தி, இரவு பத்து மணிக்குத்தான் பதிவு எண் வந்தது.

இந்தத் துறையில் இருக்கும் நம் மாணவர்கள் இருவரிடம் விசாரித்தேன். "டிசைன்ல 'சப்மிட்'னு இங்கிலீஷ்ல இருக்கும் சார், அந்த அளவுக்குத்தான் பொத்தான் வைப்போம்" என்றான் டெவலப்பர். "தமிழ் வரும்னு எங்ககிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க சார்" என்றாள் டிசைனர். இருவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் தவித்தது அந்தப் பிள்ளை.

ஹோகான் வியூம் லீ 1994-இல் முன்மொழிந்த சி.எஸ்.எஸ்., 1996 டிசம்பரில் முறையான தரமாக வெளிவந்தது. எழுத்து ஒரு கோப்பில், தோற்றம் இன்னொரு கோப்பில் என்று பிரித்து வைக்க அது வழி செய்தது. கோப்புகளைப் பிரிக்கலாம், ஆட்களை ஏன் பிரிக்க வேண்டும்?

நம் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகை நினைவிருக்கிறதா? வரைகிறவனையும் எழுதுகிறவனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பேன். "டேய், பாட்டு பதினாறு வரி, இடம் பத்தாது" என்றால், பென்சில் கோடாக இருக்கும்போதே மற்றவன் படத்தை நகர்த்திவிடுவான். மை போட்ட பிறகு சொன்னால் சண்டைதான்.

டிசைனர் பிள்ளைகளே, வரையும்போதே உண்மையான தமிழ்ச் சொற்களைப் போட்டுப் பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வண்ண வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்ற விதி. என் போன்ற வயதான கண்களுக்கு அது அவசியம்.

டெவலப்பர் பிள்ளைகளே, படம் கைக்கு வந்ததும் கேளுங்கள்: நெட் மெதுவாக இருந்தால் என்ன தெரியும்? தப்பாக நிரப்பினால் எங்கே, எப்படிச் சொல்வோம்? விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் என்ன காட்டுவோம்? பிறகு இருவரும் சேர்ந்து ஒரு விலை குறைந்த செல்போனில் திறந்து பாருங்கள்.

நாளை ஆபீஸ் போனதும் மெயில் அனுப்பும் முன், நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். பத்து நிமிடம் போதும்.